பூனை நாக்கு

முடி கொட்டுகிறது என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு அதுதான் வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண், என்ன தொந்தரவு என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள், நான் முடி என்றேன், சொன்ன கையோடு பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன்னுடைய எலிவால் சடையை ஒருமுறை தடவிக்கொண்டாள், பிறகு பெயரை எழுதிக்கொண்டு உட்காரச் சொன்னாள். சுகந்தி. பெயரையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். பெயரை மாற்றி என்ன செய்ய, குரலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது. திண்டுக்கல்லில் என் முகம் நாலு பேருக்குத் தெரிந்தால் அதிகம், என் குரல் தெரியாதவர்கள் கிடையாது. பேருந்து நிலையத்தின் மாடி அறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறவள் நான்தான். வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனி செல்லும் பேருந்து, பழனி செல்லும் பேருந்து, நடுநடுவே விளம்பரம், நகைக்கடை, கூந்தல் தைலம், மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர், மேகநோய், வெட்டைநோய், பால்வினை நோய்கள் அனைத்திற்கும் அணுகவும். அதை நான் ஒரு எழுத்து பிசகாமல் படிப்பேன். படிக்கும்போது கீழே டீ குடிக்கிற ஆம்பிளைகள் எல்லாம் செவிடாகிவிடுவார்கள் என்று கேண்டீன் ஜோதியக்கா சொல்லிச் சிரிப்பாள். இந்த ஆஸ்பத்திரி வாசல் பலகையிலும் அதே சொல் இருக்கிறது. தோல், முடி, பால்வினை. முழங்கையைச் சொறிகிற பெரியவர் தோலுக்கு. தொப்பியைக் கழற்றாத பையன் முடிக்கு. எதிரே குழந்தையோடு இருக்கிறவள் தோலுக்கு, குழந்தையின் கன்னத்தில் பாலுண்ணி தெரிகிறது. மூன்றாவதுக்கு யாருமே வரவில்லை. ஆள் வராமலா பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். எங்களில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார், அது நான் என்று எனக்குத் தெரிகிறது, மற்றவர்களைப் பற்றித் தெரியவில்லை.

கன்னத்தில் வந்திருந்தால் நானும் அந்தக் குழந்தை மாதிரி முகத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தோல் தோல்தானே, அங்கே இருந்தால் என்ன, இங்கே இருந்தால் என்ன. அங்கே என்று மனசுக்குள் சொல்லும்போதே குரல் இறங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. கீழே என்பார்கள், அந்த இடம் என்பார்கள். பெயர் இல்லாமல் இல்லை, தெருக்குழாயில் சண்டை வந்தால் அது வெளியே வரும், அம்மா என் காதைப் பொத்துவாள். கெட்ட வார்த்தையாக மட்டும் தெரிந்த ஒன்றை டாக்டரிடம் எப்படிச் சொல்வது. டாக்டரம்மா, எனக்குக் கீழே, உள் மடிப்பின் ஓரத்தில், பொடிப்பொடியாக. குளிக்கும்போது சோப்பு நுரையில் விரல் பட்டுத்தான் தெரிந்தது. ரவையைத் தொட்ட மாதிரி. வலி இல்லை, அரிப்பு இல்லை, நிறம்கூட மாறவில்லை. வலித்தாலாவது தேவலை. முன்பு ஒருமுறை பிளேடு போட்ட இடத்தில் சிவப்பாக ஒன்று வீங்கி உட்காரவே முடியாமல் வலித்தது, ஜோதியக்காவிடம் ஜாடையாகச் சொன்னேன். முடி உள்ளுக்குள்ள வளைஞ்சிருக்கும், கையை வைக்காத, வெந்நி ஒத்தடம் குடு என்றாள், அதுவும் தன்னால் அடங்கிப்போனது. அதற்கு ஒரு காரணம் இருந்தது, பயமே வரவில்லை. இதற்கு என்ன காரணம். கைபேசியில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. கோழிக்கொண்டை மாதிரி படங்கள், கொப்புளங்கள், புண்கள், படுக்கையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி கவிழ்ந்து கிடந்த கைபேசியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவர். திருப்பூரில் என்ன நடந்திருக்கும். அவர் சோறு தின்னும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், திருப்பூரில் என்ன நடந்திருந்தாலும் அது முகத்தில் எழுதியிருக்கப் போவதில்லை, ரசம் ஊத்தவா என்று கேட்டேன். இல்லை, அவரில்லை. அவரில்லை என்றால் நான். நான் யாரிடம் போனேன், எங்கேயும் போகவில்லை. அப்படியானால் சோப்பு. எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்தச் சோப்பில் வந்துதான் நிற்கிறது.

அது பவுனு சித்தியின் சோப்பு. அம்மாவின் தங்கச்சி, பவுனுத்தாய். சித்தியைக் கட்டிக்கொடுத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது, நான் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வத்தலக்குண்டு வீட்டு வாசலில் குட்டியானை வண்டி நிற்கிறது, சீராகப் போன பாத்திரமெல்லாம் திரும்பி வந்து இறங்குகிறது, குடம், அண்டா, குத்துவிளக்கு. எல்லாவற்றிலும் சித்தி பெயர் வெட்டியிருந்தது. அம்மா ஒவ்வொன்றையும் பெயர் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். சித்தி வண்டியில் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தாள், இறங்குவதற்கு அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைக் கேட்டேன். பொம்பளைச் சீக்கு. ஆம்பிளைக்கு வந்தாலும் பொம்பளைச் சீக்கு, பொம்பளைக்கு வந்தாலும் பொம்பளைச் சீக்கு, பெயர் வைத்தவன் நல்ல கெட்டிக்காரன். மாப்பிள்ளை என்னவோ பார்த்து மிரண்டு ஆத்தாக்காரியிடம் சொல்ல, அவள் அந்த ஊர்ப் பிரசவம் பார்க்கிற கிழவியைக் கூட்டிவந்து காட்ட, கிழவி சொல்லிவிட்டாளாம், பூனை நாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்கு, ரெண்டு பக்கமும் இருக்கு, இது சீக்குதான் என்று. அடுப்படியில் பெரியவர்கள் குசுகுசுவென்று பேசிய அத்தனையிலும் எனக்குப் புரிந்தது பூனை மட்டும்தான். அடுத்த வீட்டுப் பூனையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். ரோஸ் நிறத்தில் பொடிப்பொடியாக, வரிசையாக, அழகாகத்தான் இருந்தது. பூனை என் கையைக் கீறிவிட்டு ஓடியது. இதற்காகவா சித்தியைத் திருப்பி அனுப்பினார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் இரண்டாகப் பிரிந்தது. சித்திக்குத் தனித் தம்ளர், கொல்லையில் தனிக் கொடி, தனிச் சோப்பு. அம்மா கெட்டவள் இல்லை. தங்கச்சிக்கென்று மீனில் நடுத்துண்டாக எடுத்து வைப்பாள், ஆனால் தனித் தட்டில்தான் வைப்பாள். சித்தி சோப்பைத் தொடாதே என்று எனக்கு உத்தரவு. தொடாதே என்றால் அது இன்னும் மணக்கும், மஞ்சள் நிறம், சந்தன வாசனை, எங்களுக்கு வாங்கியதைவிட ஒசத்தி. ஒருநாள் ஆசை தீரக் கை கால் எல்லாம் போட்டுக் குளித்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு சோப்பு இத்தனை வருஷம் உடம்புக்குள் ஒளிந்திருக்குமா, அறிவு இல்லை என்கிறது, அறிவு சொல்வதை யார் கேட்டார்கள். சித்தி வெள்ளிக்கிழமை தவறாமல் மருவுக்கு வேண்டிக்கொண்டு கோயிலில் உப்பும் மிளகும் கொட்டினாள். மற்றவர்கள் கழுத்து மருவுக்கும் கை மருவுக்கும் கொட்டுகிற உப்பு மிளகு, இவள் எதற்குக் கொட்டுகிறாள் என்று பூசாரிக்குத் தெரியாது. உப்பு கரைந்ததே தவிர ஒன்றும் உதிரவில்லை. பிறகுதான் சுண்ணாம்பு. மருவில் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்தால் கருகி விழுந்துவிடும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வதுதான், அம்மாவே கழுத்தில் ஒன்றை அப்படித்தான் எரித்தாள், இன்னும் தழும்பு இருக்கிறது. சித்தி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கத்தவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது, தொட்டி காலியாகும்வரை கேட்டது. அப்புறம் பல நாள் காலை அகட்டி அகட்டி நடந்தாள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை, சூடு பிடித்திருக்கிறது என்று மோர் கொடுத்தார்கள். டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. போனால் பார்ப்பார்கள், பார்த்தால் தெரிந்துவிடும். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது, குழாயைத் திறந்தால் கேட்கிறது, இதோ இந்தக் கூடத்தின் மூலையில் யாரோ தண்ணீர் பிடிக்கிறார்கள், கேட்கிறது.

என் கைப்பையில் ஒரு சுண்ணாம்பு டப்பா இருக்கிறது. காலையில் பெட்டிக்கடையில் வாங்கினேன். வெற்றிலை போடுற வயசா இது என்று கடைக்காரர் கிண்டல் பண்ணினார், மாமியாருக்கு என்றேன். பொய் வர வர எனக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. இன்றைக்கு இங்கே சொல்ல முடிந்தால் சொல்வது, முடியாவிட்டால் அது, என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் வந்தேன். வேறு என்ன செய்ய. சௌந்தரபாண்டியைத் தள்ளித் தள்ளிப் படுக்க வைத்து எத்தனை நாள் ஓட்டுவது. தலைவலி என்றேன், விரதம் என்றேன், தூரம் என்று ஒரே மாதத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், அந்த மனுஷன் கணக்குத் தெரியாதவர் மாதிரி தலையை ஆட்டினார். நேற்று சாயங்காலம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர், ஊசியைப் பார்த்துக்கொண்டே, என்னைப் புடிக்கலைன்னா சொல்லிரு சுகந்தி, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன் என்றார். அவரைப் பிடிக்கும். அதுதான் கஷ்டமே. பிடிக்காதவர் என்றால் விளக்கைப் போட்டுப் பாரு என்று காட்டியிருப்பேன். என் அடுப்படியில் இருக்கிற குடம் சித்தியின் குடம். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும், புழங்காமல் புதுசாகக் கிடக்கிறது, நம்ம பிள்ளை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சித்திதான் கல்யாணத்துக்குக் கொடுத்தாள். அவள் பெயரை அழிக்காமல் அதன் கீழேயே என் பெயரை வெட்டினார்கள். தினமும் அதில் தண்ணீர் மொள்கிறேன், மேலே பவுனுத்தாய், கீழே சுகந்தி. மேலே இருப்பவளுக்கு நடந்தது கீழே இருப்பவளுக்கு நடக்கும் என்று அதில் எழுதவில்லை, ஆனால் நான் அப்படித்தான் படிக்கிறேன். குட்டியானை வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்புமா, தெரு குறுகல், முக்கிலேயே நிறுத்தித் தூக்கி வருவார்களோ. பைத்தியம், வண்டி திரும்புகிற இடம் வரை யோசித்துவிட்டேன். சுகந்தி, சுகந்தி யாருங்க என்று கூப்பிடுகிறார்கள், முதல் தடவை எழுந்திருக்கவில்லை, இரண்டாவது தடவை எழுந்தேன்.

டாக்டர் சபியா என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார், மேசையில் பாதி குடித்த டீ இருந்தது. முடியைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். விளக்கை வைத்துக்கொண்டு வகிடு வகிடாகப் பார்த்தார், பொடுகுகூட இல்லையே, எவ்வளவு கொட்டுது என்று கேட்டார், நிறைய என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேறு ஏதாவது இருக்கா என்று கேட்டார். இருக்கு என்று தொண்டை வரைக்கும் வந்தது, இல்லை என்று வெளியே போனது. ஒரு ஷாம்பு எழுதிக் கொடுத்தார். எழுந்தேன், நன்றி சொன்னேன், கதவு வரைக்கும் வந்தேன், கைப்பிடியைப் பிடித்தேன், பைக்குள் டப்பா எதிலோ இடித்து ஒரு சின்னச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு ஏன் அப்படிப் பயந்தேன் என்று தெரியவில்லை. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் போனால் அடுத்து நான் சாத்தப்போகிற கதவு எது என்று தெரிந்துவிட்டது. திரும்பினேன். வீட்டுப் பேச்சில் சொல்ல முயன்றேன், எனக்கு, வந்து, அந்த இடத்துல, என்பதோடு நின்றுவிட்டது, வீட்டுப் பேச்சில் அதற்குமேல் வழி இல்லை. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. மாடி அறைக் குரல். நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

"டாக்டர், எனது பிறப்புறுப்பின் உட்பகுதியில் இருபுறமும் சிறுசிறு பருக்கள் காணப்படுகின்றன."

ஊசி மருந்து அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் சட்டென்று நிமிர்ந்தாள். நீங்க பஸ் ஸ்டாண்டுல பேசுற அக்காதானே என்றாள். ஆமாம் என்றேன், கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையிலிருந்த ஷாம்புச் சீட்டை வாங்கி ஓரமாக வைத்தார். இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா என் டீ ஆறியிருக்காதே என்றார், எனக்கு அழுகையோடு சிரிப்பு வந்தது. திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தேன், அங்கே ஒரு பல்லி அசையாமல் இருந்தது. அவர் கையுறை மாட்டிய விரலால் தொட்டுப் பார்த்தார், வலிக்கிறதா, எரிகிறதா, வளர்ந்துகொண்டே போகிறதா, ரத்தம் பட்டதா, எப்போதிருந்து என்று கேட்டார். தெரிந்தது இப்போதுதான், இருந்தது எப்போதிருந்தோ தெரியாது என்றேன். வீட்டுக்காரருக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார், அவருக்கு ஒன்றும் இல்லை என்றேன், அதைச் சொல்லும்போது திருப்பூரை நினைத்து வெட்கமாக இருந்தது. கண்ணாடி வேணுமா, நீங்களே பாக்குறீங்களா என்றார். வேண்டாம் என்றேன். பிறகு, குடுங்க என்றேன். முதல் தடவையாகப் பார்த்தேன். ரோஸ் நிறத்தில், வரிசையாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"இது நோயே இல்லம்மா. உங்க தோல் அமைப்பே இப்படி. சில பொம்பளைங்களுக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. இதுக்கு மருந்தும் கிடையாது, தேவையும் இல்ல."

நான் நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால் கண்ணாடியை வைத்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது பாருங்கள், மெத்தென்று இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. மரு என்றால் ஒரே அடியிலிருந்து கொத்தாகக் கிளம்பும், இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று இருக்கும், பெருகிக்கொண்டே போகும். அது தொற்றுதான், ஆனால் அதுவும் தலைபோகிற விஷயம் இல்லை, வந்தால் வைத்தியம் இருக்கிறது, யாரிடமிருந்து யாருக்கு என்று பஞ்சாயத்து வைத்தால் மரு போய்விடாது என்றார். கூடத்தில் எனக்கு எதிரே இருந்த குழந்தையின் கன்னத்துப் பாலுண்ணி மாதிரி நடுவில் குழியோடு வருவது ஒன்று, முடிக்கால் வீங்குவது ஒன்று, வெறும் எண்ணெய்ச் சுரப்பி வெள்ளையாகத் தெரிவது ஒன்று, எல்லாம் ஒன்றில்லை. வலிக்கிற கொப்புளம், ஆறாத புண், அது வலிக்காவிட்டாலும் சரி, நீர் வடிவது, ரத்தம், காய்ச்சல், புதிதாக ஒன்று வந்து வளர்வது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும், முடி கொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டாவது வந்துவிட வேண்டும் என்றார். சோப்பு என்றேன். என்ன சோப்பு என்றார். ஒன்றுமில்லை என்றேன். எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்யும்போது என் வாய் தானாகக் கேட்டது, இது பூனை நாக்கு மாதிரி இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னால், இரண்டு பக்கமும் அப்படி இருக்கிறது என்று சொன்னால், அதுவும் இதுதானா. இருக்கலாம் என்றார் டாக்டர், ஆனால் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது, யாருக்கு என்றார். எங்கள் சித்திக்கு, நான் இரண்டாவது படிக்கும்போது என்றேன். சுண்ணாம்பைப் பற்றியும் சொன்னேன். அவர் உறையைக் கழற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, தழும்பையும் பாத்துரலாம் என்றார்.

வெளியே வந்தால் வெயில் அப்படியே இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும். இத்தனை நாளாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டேன், வீட்டுக்குப் போய் சௌந்தரபாண்டியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார், நினைத்தாலும் டாக்டரிடம் கூட்டிவருவேன். ஆனால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. ஒன்றுமே இல்லாத ஒன்றுக்கு ஒரு பொம்பளையைப் பாத்திரத்தோடு ஏற்றி அனுப்பினார்கள். ஒன்றுமே இல்லாத ஒன்றுக்குத் தனித் தம்ளர். இன்றைக்கும் அவள் அந்தத் தம்ளரில்தான் குடிக்கிறாள், யாரும் சொல்லாமலே தன் சோப்பைத் தனியாக எடுத்து வைக்கிறாள், மில்லுக்குப் போய் வருகிறாள், எனக்குத் தலைப்பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தாள். இதை அவளிடம் சொல்வதா. சொன்னால் அத்தனை வருஷத்தையும் எடுத்து அவள் கையில் கொடுக்கிற மாதிரி ஆகாதா, இந்தா, இதெல்லாம் உன்னுடையது, வீணாகப் போனது என்று. சொல்லாமல் விட்டால் அந்தத் தம்ளரைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி அந்த வீட்டில் சோறு தின்பேன். படிக்கட்டு நிழலில் நின்று கூப்பிட்டேன். மில்லில் சாப்பாட்டு நேரம், சொல்லு சுகு என்றாள், பின்னால் மிஷின் சத்தம் இரைந்தது. மாடி அறைக் குரலை வரவழைத்துப் பார்த்தேன், அது இவளிடம் வரவில்லை.

"சித்தி, எனக்கும் இருக்கு. பூனை நாக்கு."

டாக்டரிடம் காட்டினேன், சீக்கே இல்லையாம், தோலே அப்படித்தானாம், நிறையப் பேருக்கு இருக்குமாம், உன்னையும் ஒரு தடவை கூட்டி வரச் சொன்னார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன், எங்கே நிறுத்தினால் அவள் அழுவாளோ என்று நிறுத்தாமல் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன், அந்தக் கிழவியை, அந்த மனுஷனை, எங்களை. அவள் சத்தத்திலிருந்து எங்கோ ஒதுங்கி வந்திருக்க வேண்டும், குரல் கிட்டத்தில் கேட்டது.

"நீ சுண்ணாம்பு கிண்ணாம்பு எதுவும் வச்சிரலயேடி?"

இல்லை சித்தி என்றேன். பையிலிருந்து எப்போது எடுத்தேனோ, டப்பா என் கையில்தான் இருந்தது.